டிராக்டர் டயர், ஜீப் டயர்: வாரண்டி அட்டையை எவ்வளவு நம்பலாம்?

தங்கச்சி, டயர் கடைக்குப் போனதும் எல்லாரும் கேக்குறது ரெண்டு கேள்விதான். எத்தனை வருஷம் வாரண்டி? எத்தனை கிலோமீட்டர் ஓடும்? டவுனுக்குள்ள ஓடுற காருக்கு இது போதும். வயல்லயும் கண்மாய்க்கரையிலயும் கல்லுப் பாதையிலயும் ஓடுற வண்டிக்கு இது பாதிக் கேள்விதான். டிராக்டர் பழசா புதுசான்னு பாக்குறவங்க மணி மீட்டரைத்தான் பாப்பாங்க, கிலோமீட்டரை யாரும் கேக்குறதில்ல. ஒரே கம்பெனி, ஒரே சைஸ் டயரு. உழவு மட்டும் பாக்குற வீட்டுல ஏழெட்டு வருஷம் நிக்கும். கிராவலும் செங்கலும் ஏத்திக்கிட்டு நாலுவழிச் சாலையில அலையுற வண்டியில மூணு வருஷத்துலயே மொட்டையாயிரும். அந்த நாலஞ்சு வருஷ வித்தியாசத்தை எந்த வாரண்டியும் கையில தராது. வீட்டுக் கணக்கு உன் கையில இருக்கிறதால, அதை எப்படி மிச்சம் பிடிக்கிறதுன்னு உனக்குத்தான் சொல்றேன்.

தார் ரோட்டுல தேயுறதுதான் பெரிய தேய்மானம்

டிராக்டர் பின் டயர்ல உயரமா நிக்குற பட்டன் மண்ணுக்குள்ள இறங்கி வேலை செய்யுறதுக்காகச் செஞ்சது. மண்ணு இளகிக் கொடுக்கும். பட்டனும் இறங்கும், நடுவுல இருக்குற ரப்பரும் மண்ணுல உக்காரும், பாரம் பரவலா விழும். தார் ரோட்டுல அப்படி இல்ல. வண்டி மொத்தமும் பட்டன் நுனியில நிக்கும். ஒவ்வொரு பட்டனும் ரோட்டைத் தொடுறப்ப நெளியும், விடுறப்ப உரசும், சூடேறும். சித்திரை வெயில்ல நம்ம ஊர்ல 40 டிகிரி அடிக்குறப்ப தார் அதைவிட ரொம்பக் கொதிக்கும். அந்தச் சூட்டுல பாரத்தோட ஓட்டினா ரப்பர் கரையாம என்ன செய்யும்?

இதனாலதான் பட்டன் உயரமா இருந்தா ரொம்ப நாள் உழைக்கும்னு கண்ணை மூடிக்கிட்டு வாங்கக் கூடாது. டயர் ஓரத்துல ஆர்-1, ஆர்-2ன்னு ஒரு குறி இருக்கும். ஆர்-1 சாதாரண உழவுக்கு. ஆர்-2 நெல்லு, கரும்பு வயல் சேத்துக்குன்னே செஞ்சது. பட்டன் ஏறக்குறைய ரெண்டு மடங்கு உயரம். தொளி அடிக்கிறதே பிரதான வேலைன்னா அது அருமையான டயர். அதைப் போட்டுக்கிட்டு ட்ரெய்லர் வாடகைக்குப் போனா, கொடுத்த காசு அத்தனையும் ரோட்டோட போயிரும்.

நம்ம மதுரைப் பக்கத்து நிலவரத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாரு. தண்ணி இருக்குற வருஷம் ஜூன் மாசம் வைகை அணையிலருந்து பெரியாறு பாசனத்துக்குத் திறப்பாங்க. முதல் போகம் மட்டும் 45,000 ஏக்கர். வாடிப்பட்டிப் பக்கமும் அதைத் தாண்டியும் டிராக்டர் எல்லாம் ஒரே நேரத்துல சேத்துல இறங்கும். அறுவடை முடிஞ்சதும் அதே டிராக்டர் நெல்லு மூட்டையை ஏத்திக்கிட்டு கொள்முதல் நிலையத்துக்குப் போகும். கோடையில கண்மாய் வண்டல் அடிக்கும். கட்டிட வேலைக்கு எம்.சாண்ட் இழுக்கும். சேறு, தாரு, கல்லு மூணையும் ஒரே டயரு தாங்குது. அதனால வாங்குறதுக்கு முன்னாடி, போன வருஷம் டிராக்டர் ஓடின மணியில எவ்வளவு வயல், எவ்வளவு ரோடுன்னு வீட்டுல டிராக்டர் ஓட்டுறவர்கிட்ட கேட்டு எழுதி வை. பாதிக்கு மேல ரோடுன்னா ஆர்-1லயே பட்டன் அகலமா, நெருக்கமா இருக்குறதைக் கேளு. கம்பெனி பேரு எதுன்றது அதுக்கப்புறம்தான்.

தொளி அடிக்க மாட்டுற இரும்பு கேஜ் வீலோட வண்டியைத் தார் ரோட்டுல ஏத்துறது ரோட்டையும் நாசமாக்கும், அபராதமும் வரும். அதைக் கழட்டிட்டுத்தான் ஏறணும்.

காத்து

டயர் ஆயுசுல பாதி இதுக்குள்ள இருக்கு. அதுவும் ஓசியா கிடைக்குற காத்து.

பஞ்சர் கடைக்காரர் "எத்தனை பவுண்டு?"ன்னு கேக்குறப்ப "வழக்கமா வைக்கிறதை வைங்க"ன்னு சொல்றது நிறைய வீட்டுல நடக்குது. அந்த வழக்கம் உழவுக்கா, ரோட்டுக்கா? ரெண்டுக்கும் ஒரே காத்து சரிவராது. நம்ம பக்கம் ஓடுற 13.6-28, 14.9-28 மாதிரி பின் டயருக்கு உழவுன்னா பெரும்பாலும் 12லருந்து 14 பவுண்டு போதும். பாரம் இழுத்துக்கிட்டு ரோட்டுல போறப்ப அதைவிடக் கூடுதல் வேணும். சரியான கணக்கு டிராக்டரோட குடுத்த புத்தகத்துல இருக்கும். அந்தப் பக்கத்தைப் போன்ல போட்டோ எடுத்து ஓட்டுறவருக்கும் அனுப்பிரு.

வயல்ல காத்து கூடிருச்சுன்னா டயர் விறைச்சு நிக்கும், மண்ணைப் பிடிக்காது, சுத்திக்கிட்டே இருக்கும். டீசலும் போகும், பட்டனும் போகும். ரோட்டுல காத்து குறைஞ்சா பக்கவாட்டு மடிஞ்சு மடிஞ்சு உள்ளுக்குள்ள நூல் அறுக்கும். இது வெளிய தெரியாது. டயரை ரிம்முல இருந்து கழட்டி உள்பக்கம் கையை விட்டுத் தடவினாத் தெரியும்: ஓரத்தைச் சுத்தி வளையமா ஒரு கறுப்புத் தடம், தொட்டா கண்மை மாதிரி ரப்பர்த் தூள் விரல்ல ஒட்டும். கம்பெனியிலருந்து க்ளெய்ம் பாக்க வர்ற ஆளு முதல்ல தேடுறதே அந்தத் தடத்தைத்தான். அது இருந்தா "காத்துக் குறைவா ஓட்டியிருக்கீங்க"ன்னு எழுதிருவாரு. அதுக்கப்புறம் ஏழு வருஷ வாரண்டி அட்டை இருந்தும் பிரயோசனம் இல்ல.

அதனால வாரண்டி அதிகம்னு சொல்லி ஆயிரம் ரெண்டாயிரம் கூடக் கொடுக்குறதைவிட, அந்தக் காசுல நல்ல காத்து கேஜ் ஒண்ணு வாங்கி டூல் பெட்டிக்குள்ள போடு. டிராக்டர் டயருக்குக் குறைஞ்ச அளவைச் சரியாக் காட்டுற கேஜ் வேணும். லாரிக்கு வைக்கிற பெரிய கேஜ்ல 12க்கும் 16க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளன, வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி பாக்கணும். ஓடி வந்த சூட்டுல பாத்தா கூடுதலாக் காட்டும். அதைப் பாத்துட்டுக் காத்தை இறக்கி விட்டுராதே.

வழுக்கிச் சுத்துதான்னு எப்படிப் பாக்குறது?

இதை ஒரே ஒரு தடவை உக்காந்து பாத்துரு. சாக்பீஸால பின் டயர் பக்கவாட்டுல ஒரு கோடு போடு. கலப்பை மண்ணுக்குள்ள இருக்கிறப்ப டயர் பத்துச் சுத்து சுத்தட்டும். ஆரம்பிச்ச இடத்துல ஒரு குச்சி, முடிஞ்ச இடத்துல ஒரு குச்சி. அப்புறம் கலப்பையைத் தூக்கிட்டு அதே தூரத்தை ஓட்டச் சொல்லி எத்தனை சுத்துன்னு எண்ணு. எட்டரையிலருந்து ஒன்பது வந்தா நல்லாப் பிடிக்குதுன்னு அர்த்தம். எட்டுக்குக் கீழ போச்சுன்னா டயர் சும்மா சுத்தித் தேயுது; எடை கூட்டணும். ஒன்பதரைக்கு மேல வந்தா எடை அதிகம், இஞ்சின் வீணாச் சுமக்குது.

எடை கூட்டுறதுக்கு டயருக்குள்ள தண்ணி அடைக்கிறது நல்ல வழிதான். நம்ம ஊர்ல தண்ணி உறையாதுங்கிறதால குளிர் நாட்டுல மாதிரி உப்பு எதுவும் கலக்க வேண்டாம். வால்வு மேல இருக்குற மாதிரி சக்கரத்தை நிறுத்தி முக்கால் வரைக்கும் நிரப்பி, மிச்சத்துக்குக் காத்து அடிக்கணும். உழவு சீசன் முடிஞ்சு ட்ரெய்லர் வேலைக்குப் போறப்ப இறக்கிரச் சொல்லு. தேவையில்லாத பாரத்தைத் தார் ரோட்டுல உருட்டுறதுக்கும் டயர்தான் விலை கொடுக்கும்.

முன் டயர் ஒரு பக்கம் மட்டும் தேஞ்சா டயரைக் குறை சொல்லாதே. டை ராடு ஆடுதா, கிங் பின் புஷ் தேஞ்சிருக்கான்னு மெக்கானிக்கைப் பாக்கச் சொல்லு. அதைச் சரி பண்ணாம புது டயர் போட்டா அதுவும் அப்படித்தான் தேயும். ரோட்டுல ஏறினதும் ரெண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டு இணைக்கணும். இது டயருக்கு மட்டும் இல்ல, உசுருக்கும். ஃபோர் வீல் டிரைவ் டிராக்டர்னா தார் ரோட்டுல முன் சக்கர இழுவையை எடுத்துரணும். இல்லேன்னா முன்னாடி, பின்னாடி டயர் ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டே ஓடும், முன் டயர் பட்டன் பாத்துக்கிட்டு இருக்கையிலேயே காணாமப் போகும்.

முள்ளு

நம்ம மாவட்டத்துல வாரண்டி தொடவே தொடாத ஒண்ணு சீமைக்கருவேல முள்ளு. 2017ல ஐகோர்ட் மதுரைக் கிளையே தென் மாவட்டங்கள்ல அதை வெட்டச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. இன்னும் கண்மாய்க்கரை பூரா அதுதான் நிக்குது. முள்ளு குத்தினது, கல்லு கிழிச்சது, கம்பி ஏறினது எல்லாமே உபயோகத்துல வந்த சேதம். தயாரிப்புக் குறை கிடையாது. மேலூர்ப் பக்கம் குவாரி ரோட்டுல கிரானைட் சில்லு பக்கவாட்டைக் கிழிச்சாலும் அதே பதில்தான்.

பஞ்சர் ஒட்டுறப்ப நீ பக்கத்துல நின்னு ஒரு வேலை செய்யச் சொல்லணும். ட்யூப்பை ஒட்டினதோட விட்டுராம, டயர் உள்பக்கம் ஒரு பஞ்சுத் துண்டை வச்சு மெதுவாத் தடவிக்கிட்டே வரணும். முள்ளு நுனி ஒடிஞ்சு உள்ள நிக்குற இடத்துல பஞ்சு மாட்டும். வெறும் கையால தடவினா விரல் கிழியும், சமயத்துல அகப்படவும் அகப்படாது. அந்த நுனியைக் குறட்டால எடுக்காம விட்டா மறுநாளே அதே இடத்துல திரும்பப் பஞ்சராகும். கடைக்காரரைத் திட்டிப் பிரயோசனம் இல்ல. ட்யூப்புக்குள்ள சீலண்ட் ஊத்துறதுக்கு முன்னாடி வாரண்டி அட்டையைப் படி. சில கம்பெனி சீலண்ட் ஊத்தின டயருக்கு க்ளெய்ம் தராது.

ஜீப்புக்குப் பெரிய பட்டன் டயர் வேணுமா?

வீட்டுல தம்பி 'தார்' (Thar) ஜீப் வாங்கினதும் மட் டெரெய்ன் டயர் மாத்தணும்னு நிப்பான். அழகுக்காக மாத்துறது அவன் ஆசை. கணக்கை மட்டும் சொல்லிரு. ரோட்டு டயர் எச்.டி., பாதி ரோடு பாதி மண்ணுன்னா ஏ.டி., முழுக்க சேறு பாறைன்னா எம்.டி. நம்ம ஊர்ச் சமவெளிக்கு ஏ.டி. தாராளம். ஒழுங்காப் பாத்துக்கிட்டா பெரும்பாலும் 40,000லருந்து 60,000 கிலோமீட்டர் வரைக்கும் எதிர்பாக்கலாம். எம்.டி. ரப்பர் உயரம் அதிகம் இருந்தும் தார் ரோட்டுல சீக்கிரம் தேயும், இரையும், பெட்ரோல் டீசலும் கூடக் குடிக்கும், மழை பேஞ்ச ரோட்டுல பிரேக்கும் தள்ளிப் பிடிக்கும். திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் கரிசல் நனைஞ்சா ஏ.டி. டயர் உருண்டையா அப்பிக்கும்னு சொல்லுவான். உண்மைதான். அதுக்கு வருஷம் பூரா எம்.டி.யோட ஓடணுமா? மழை விட்டு மண்ணு காயுற வரைக்கும் பொறுத்தாப் போதும்.

எத்தனை கிலோமீட்டர் தாங்கும்னு நீயே கண்டுபிடிக்கலாம். ஒரு ஈர்க்குச்சியை டயர்ப் பள்ளத்துல நிறுத்தி, மேல்மட்டத்துல நகத்தால அடையாளம் வச்சு, பிள்ளையோட ஸ்கேல்ல அள. புதுசுல 10 மி.மீ. இருந்து, 12,000 கிலோமீட்டர்ல 8 ஆயிருச்சுன்னு வை. 2 மி.மீ.க்கு 12,000, அப்ப ஒரு மி.மீ.க்கு 6,000. சட்டப்படி காருக்கு 1.6 மி.மீ. வரைக்கும் ஓட்டலாம். நான் 3 மி.மீ.யோட நிறுத்தச் சொல்லுவேன். அதுக்குக் கீழ மழைத்தண்ணியை டயரால ஒதுக்க முடியாது. மிச்சம் 5 மி.மீ., அதாவது இன்னும் 30,000 கிலோமீட்டர். நாலு டயரையும், ஒவ்வொண்ணுலயும் உள் ஓரம், நடு, வெளி ஓரம்னு அளந்து நோட்டுல எழுது. நடு மட்டும் தேஞ்சா காத்து அதிகம். ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து குறைவு. ஒரே ஓரம் தேஞ்சா அலைன்மென்ட் பாக்கணும்.

அப்ப வாரண்டி எதுக்கு?

அமெரிக்காவுல ஏ.டி. டயருக்குக் கூட 50,000 மைல்னு வாரண்டி எழுதித் தர்றாங்க. தம்பி அதைப் போன்ல பாத்துட்டு "இங்க ஏன் தரலை?"ன்னு கேப்பான். அதுக்குள்ள இருக்குற நிபந்தனையைப் படிச்சா விஷயம் புரியும். முதல்ல வாங்கினவர், முதல்ல மாட்டின வண்டியிலயே ஓட்டியிருக்கணும். சொன்ன மைலுக்கு ஒரு தடவை டயரை இடம் மாத்தினதுக்கு பில் வச்சிருக்கணும். ஒரே சீரா தேஞ்சிருக்கணும். வாடகை வண்டிக்குப் பெரும்பாலும் கிடையாது. இத்தனையும் இருந்தா மிச்ச மைலுக்கு ஏத்த தள்ளுபடிதான், முழு டயர் கிடையாது. எம்.டி. டயருக்குப் பெரும்பாலும் மைல் வாரண்டியே கொடுக்குறதில்ல. அங்க கார் டயர் தேய்மான எண்ணுக்குச் செய்யுற அரசாங்கச் சோதனையும் டெக்சாஸ்ல தார் ரோட்டுல 7,200 மைல் ஓட்டிப் பாக்குறதுதான். கல்லுலயும் சேத்துலயும் எத்தனை மைல் ஓடும்னு அங்கயும் யாரும் வாக்குக் கொடுக்கல.

நம்ம ஊர்ல பெரும்பாலான வாரண்டி தயாரிப்புக் குறைக்குத்தான். ரப்பர் தானா உரிஞ்சு வர்றது, காரணமில்லாம பக்கவாட்டு வீங்குறது, பட்டன் அடியோட பிரியுறது இதெல்லாம் சேரும். அதுலயும் தேஞ்சது போக மிச்சத்துக்குத்தான் காசு. கணக்கு இப்படி வரும்: 20,000 ரூபாய் டயர், புதுசுல பட்டன் 30 மி.மீ.ன்னு வச்சுக்க. குறை தெரியுறப்ப 12 மி.மீ. இருந்தா நூத்துக்கு நாப்பது பாகம் மிச்சம். 8,000 ரூபாய் கழிச்சுக்கிட்டு 12,000 ரூபாய் கொடுத்துப் புதுசு வாங்கணும். ஆறாவது வருஷம் போய் நின்னா கைக்கு வர்றது ரொம்பக் கொஞ்சம். அதனால "ஏழு வருஷம்"ன்ற எண்ணுக்காக ஒரு டயரை விட்டு இன்னொண்ணுக்குப் போகாதே. முதல் ஒண்ணரை ரெண்டு வருஷத்துல குறை வந்தா கேள்வி கேக்காம வந்து பாக்குற டீலர் யாருன்னு ஊர்ல விசாரி. கிழிசல், வெட்டுக்கும் சேத்துத் தர்ற வாரண்டின்னு சில கார் டயருக்கு விக்கிறாங்க. விலை ஒண்ணுதான்னா வாங்கிக்க. கல்லுப் பாதையில ஓடுறவங்களுக்கு அது ஒண்ணுதான் உண்மையிலயே உதவும்.

சும்மா கிடைக்குற வாரண்டியை விட்டுறவும் வேண்டாம். பில்லுல டயர் நம்பரை எழுதச் சொல்லு, டீலர் முத்திரை வாங்கு, போன்ல பதிவு பண்ணச் சொன்னா கடையிலயே நின்னு பண்ணு. புதுசு மாட்டின அன்னைக்கே பட்டன் உயரத்தை அளந்து பில்லு மேல குறிச்சு வை. குறை தெரிஞ்சா ஓட்டாம நிறுத்தி, கழட்டுறதுக்கு முன்னாடியே போட்டோ எடு. க்ளெய்ம் மறுத்தா, காரணத்தை எழுத்துல கேளு. வாயால சொல்றதை வச்சு எதுவும் செய்ய முடியாது. நியாயம் உன் பக்கம்னு தெரிஞ்சா நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணு. அதுக்கும் மசியலேன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல. வக்கீல் வச்சே தீரணும்னும் இல்ல.

வாங்குறப்ப

டயர் ஓரத்துல நாலு இலக்கம் ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள இருக்கும். 2325ன்னா 2025ல 23வது வாரம் செஞ்சது. ரெண்டு வருஷம் குடோன்ல கெடந்ததைப் புதுசுன்னு தந்தா வேணாம்னு சொல்லிரு. சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்குற ஜீப்புல பட்டன் தேயுறதுக்கு முன்னாடி ரப்பருக்கு வயசாயிரும். அஞ்சாறு வருஷம் ஆச்சுன்னா பக்கவாட்டுல வெடிப்பு இருக்கான்னு வருஷா வருஷம் பாக்கணும். டயரை மினுமினுன்னு ஆக்குற எண்ணெய்ப் பாலிஷ் போடாதே. டீசல் சிந்தின தரையில நிறுத்தாதே. வேப்ப மரத்து நிழலோ தகரக் கொட்டகையோ, எதுக்கடியில நின்னாலும் வெயில்ல நிக்குறதைவிட ஆயுசு கூடும்.

டயர் நமக்குப் புதுசு இல்ல. 1912லயே மதுரையில பஸ் விட்ட டி.வி.சுந்தரம் ஐயங்கார் பின்னாடி டயர் ரீட்ரேடிங் தொழிற்சாலையும் தொடங்கினாரு. இன்னைக்கும் மேலூர் ரோட்டுல வெள்ளரிப்பட்டியில டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா ஆலையில டூவீலர் டயரோட வயல் வண்டி டயரும் செய்யுறாங்க. டயர் தெரிஞ்ச பழைய கைகள் இந்த ஊர்ல நிறைய உண்டு. வாங்குறதுக்கு முன்னாடி அப்படி ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போ. ரீட்ரேடிங் ட்ரெய்லருக்கு நல்லது, உடம்பு கெடாத டயரா இருந்தா. ரீட்ரேட் பண்ணின டயருக்குப் பழைய வாரண்டி போயிரும்ன்றதையும் தெரிஞ்சுக்க.

2025 செப்டம்பர் 22லருந்து டிராக்டர் டயர், ட்யூப்புக்கு ஜி.எஸ்.டி. 18லருந்து 5 சதவீதம் ஆயிருச்சு. ஜீப், கார் டயருக்கு 28லருந்து 18. பில்லுல எந்த விகிதம் போட்டிருக்காங்கன்னு பாத்துக் கையெழுத்துப் போடு. பின் டயரை ஜோடியா மாத்து; ஒண்ணு உயரம் ஒண்ணு மட்டம்னு ஓட்டினா டிஃபரன்ஷியலுக்கும் கேடு. தண்ணி திறந்து ஊரே கடைக்கு ஓடுறப்ப போகாம, மே மாசத்துலயே போயிரு. அப்பத்தான் சைஸும் கிடைக்கும், பேரம் பேச நேரமும் இருக்கும். பழைய டயரைச் சும்மா விட்டுட்டு வராதே, அதுக்கும் விலை உண்டு. பில்லுல கழிச்சுக்கச் சொல்லு.